நன்றாகச் சாப்பிட்டுக் குடித்தால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாதா?

உங்கள் கேள்வி இது: அப்பாவுக்கு 52 வயது. இருபது வருடமாக தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி. குடித்துவிட்டு விழுந்து கிடந்ததில்லை, வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. கறி, மீன், முட்டை எல்லாம் குறைவில்லாமல் சாப்பிடுகிறார். பொங்கல் முடிந்து எடுத்த மாஸ்டர் செக்கப்பில் லிவர் ரிப்போர்ட் நார்மல். "வெறும் வயித்துல குடிக்கிறவனுக்குத்தான் ஈரல் போகும், நான் சாப்பிட்டுக் குடிக்கிறேன்" என்கிறார். கார்த்திகையில் மாலை போட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுகிறார். இரண்டு மூன்று நாள் கை நடுங்குகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. இதில் எது உண்மை, உடம்புக்குள் என்ன நடக்கிறது, அவருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது?

நான் உணவியல் துறையில் இருப்பவள். ஈரல் கெட்டு வார்டில் சேர்கிறவர்களின் சாப்பாட்டைக் கவனிப்பதுதான் பல வருடமாக என் வேலை. அங்கே படுத்திருப்பவர்களிலும் பலர் உங்கள் அப்பா சொல்வதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குவார்ட்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டிலில் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் அதிகரிக்காது. ஒன்பது மணிக்குக் குடித்து முடிக்கிறார் என்றால் விடியற்காலை வரைக்கும் ஈரலுக்கு அதே வேலைதான். தினமும் என்றால், ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு நேரம் அவர் ஈரல் வேறு எதையும் சரியாகக் கவனிப்பதில்லை. படுத்ததும் தூங்கிவிட்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்து புரளுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆல்கஹால் இறங்கும் நேரத்தில் மூளை துள்ளி எழுவதால் வருவது அது.

"பீர்தானே" என்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். நம் ஊரில் விற்கும் ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும். 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு.

இப்போது அப்பா சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை. வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்கு மெதுவாகப் போகும், போதை மெதுவாக ஏறும், இரைப்பையின் எரிச்சல் குறையும். ஆனால் உள்ளே போன 60 கிராமில் பெரும்பகுதி கடைசியில் ஈரலுக்குத்தான் வந்து சேர வேண்டும். அங்கே அது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறுகிறது. செல்லின் புரதங்களோடும் மரபணுவோடும் போய் ஒட்டிக்கொள்ளும் நச்சு அது. அடுத்த படியில் அது அசிட்டேட் ஆகிறது, அது பெரிதாகத் தொல்லை தராது. இந்த இரண்டு படிகளும் நடக்கும்போது ஈரல் செல்லின் வேதிச் சமநிலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கொழுப்பை எரிக்கும் வேலை குறையும், கொழுப்பைச் செய்து சேர்க்கும் வேலை கூடும். கூடவே மட்டன் சுக்காவும் சிக்கன் 65-ம் வந்தால் சேர்த்துவைக்கக் கொழுப்பும் தாராளமாகக் கிடைக்கும். கொழுப்பு ஈரல் வருவது இப்படித்தான்.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் உங்கள் அப்பாவைப் போலத்தான் நம்பியது. குடிகாரர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சத்துக் குறைவால்தான் ஈரல் சுருங்குகிறது, மது நேரடிக் காரணம் இல்லை என்று பாடப்புத்தகங்களே சொல்லின. நியூயார்க்கில் சார்லஸ் லீபர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பபூன் குரங்குகளுக்குப் புரதமும் வைட்டமினும் போதுமான அளவு கொடுத்து, கூடவே வருடக்கணக்கில் மதுவும் கொடுத்தார். சத்தான சாப்பாடு சாப்பிட்ட அந்தக் குரங்குகளுக்கும் கொழுப்பு ஈரல் வந்தது, சிலவற்றுக்கு ஈரல் தழும்பேறி இறுகும் ஈரல் சுருக்கமே (சிரோசிஸ்) வந்தது. 1974-ல் அது வெளியானபோது பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. நல்ல சாப்பாடு அவசியம்தான், ஆனால் அது மதுவுக்கு மாற்று மருந்து ஆகாது.

சரி, ரிப்போர்ட் நார்மல் என்கிறீர்களே? நீங்கள் சொன்னதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தேதிதான். பொங்கல் முடிந்து எடுத்தது. அப்பா மாலை போட்டது கார்த்திகை ஒன்று என்றால், நவம்பர் நடுவிலிருந்து விரதம் முடியும்வரை அவர் தொடவே இல்லை. குடியைக் காட்டிக்கொடுக்கும் ஜிஜிடி என்ற என்சைம், குடியை நிறுத்திய சில வாரங்களில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். ஈரலில் சேர்ந்த கொழுப்பும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பெருமளவு கரையும். ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்த ஈரலைப் பரிசோதித்துவிட்டு, வருடம் முழுக்கக் குடிக்கும் ஈரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. விட்டால் அவர் ஈரல் தேறுகிறது. இந்த வருடம் மாலை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, விரதம் முடிந்ததும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நான் எத்தனை பேசினாலும் வராத நம்பிக்கை அந்த இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரும்.

இன்னொன்றும் உண்டு. லிவர் ரிப்போர்ட்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு என்சைம்களும் ஈரல் செல்கள் இப்போது உடைகின்றனவா என்பதைத்தான் சொல்லும். ஏற்கெனவே தழும்பாகிப்போன ஈரலில் உடைவதற்குச் செல்லே குறைவு என்பதால், ஈரல் சுருக்கம் உள்ளவருக்கும் அவை ஏறக்குறைய நார்மலாக வரலாம். ஈரல் செய்யும் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கிறதா, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா, ரத்தம் உறைய அதிக நேரம் எடுக்கிறதா, எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா என்றெல்லாம் மருத்துவர் பார்ப்பார். வயிற்று ஸ்கேனும், முடிந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிகமாகக் குடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு ஈரல் வரும், அவர்களில் ஒரு பங்கினருக்கு மட்டும்தான் அது சுருக்கம் வரை போகும். யாருக்குப் போகும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் வழி இல்லை. "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சார்" என்ற கதை எல்லா வீட்டிலும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இனி என் துறை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. ஒரு குவார்ட்டரில் 400-க்கு மேல். எட்டு இட்லிக்கு உள்ள கலோரி. ஆனால் இட்லியில் இருக்கும் புரதமோ, மாவு புளிக்கும்போது கூடும் பி வைட்டமின்களோ இதில் துளியும் கிடையாது. அப்பா இந்தக் கலோரியைச் சாப்பாட்டுக்கு மேல் சேர்த்துக்கொள்கிறார், அதனால் தொப்பை. வருடங்கள் போகப் போகப் பலரும் சோற்றுக்குப் பதிலாகவே இதைச் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது உடம்பு வேறு மாதிரி மாறும். வயிறு முன்னால் தள்ளியிருக்கும், கையும் தொடையும் குச்சியாகும், நெற்றிப் பொட்டில் குழி விழும். தசை கரைகிறது என்பதன் அடையாளம் அது. தொப்பை இருப்பதால் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

வைட்டமின்களில் எனக்கு அதிகக் கவலை தருவது பி1, அதாவது தயமின். உடம்பின் மொத்தக் கையிருப்பே 30 மில்லிகிராம் அளவுதான், புதிதாக வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மது குடலில் அதை உறிஞ்ச விடாது, ஈரலில் சேமிக்க விடாது. அது வேலை செய்யத் தேவையான மெக்னீசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பட்டை தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நடக்க முடியாமல் தள்ளாடியதை ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கவனித்ததுதான் இந்த வைட்டமினைக் கண்டுபிடிக்க வழி செய்தது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். நம் புழுங்கலரிசி அந்த வகையில் பெரிய பாதுகாப்பு. குடிப்பவர் வீட்டில் பளபளவென்ற பச்சரிசி, பாலீஷ் அரிசிக்குப் பதில் புழுங்கலரிசியே இருக்கட்டும்.

பி1 தீர்ந்துபோனால் மூளையின் குறிப்பிட்ட சில பகுதிகள் அடிபடும். பார்வை இரண்டாகத் தெரியும் அல்லது கண்மணி ஆடும், கால் அகட்டித் தள்ளாடி நடப்பார், என்ன பேசுகிறோம் என்ற தெளிவு போய்விடும். வெர்னிக்கே நோய் என்று பெயர். ஊசி வழியாக பி1 உடனே ஏற்றினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். விட்டுவிட்டால் அடுத்த கட்டம் கோர்சகாஃப் நிலை. காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது, அந்த இடைவெளியை மனம் இல்லாத கதைகளால் நிரப்பிக்கொள்ளும், அவர் பொய் சொல்கிறார் என்று வீட்டில் சண்டை நடக்கும். அதிலிருந்து முழுதாக மீள்பவர்கள் குறைவு. இதில் கொடுமை என்னவென்றால், தள்ளாட்டமும் உளறலும் குடித்தவருக்கு இயல்புதானே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். குடிக்காத நேரத்திலும் தள்ளாடினால் அது போதை இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். நாலு நாள் சாப்பிடாமல் குடித்துவிட்டு சோர்ந்து கிடப்பவரை பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போய், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்பது நம் வழக்கம். குளுக்கோஸை எரிக்க பி1 வேண்டும். கையிருப்பு இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் பி1-ம் செலவாகி, வெர்னிக்கே அன்றைக்கே கிளம்பலாம். அதனால் பி1 ஊசி முன்னாலோ கூடவோ போக வேண்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, இரண்டும் ஒன்றாகவே போகும். "இவர் தினமும் குடிக்கிறவர், சாப்பிட்டு நாளாச்சு" என்ற ஒரு வரியைக் கூச்சப்படாமல் சொல்லிவிட்டாலே மருத்துவர் புரிந்துகொள்வார். மானம் போகுமென்று குடும்பம் மறைப்பதுதான் பல சமயம் ஆளைக் கெடுக்கிறது.

மாலை போடும் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் மிக அவசரமானது இதுதான். ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்கும் மனவுறுதி சாதாரணமானது இல்லை, அதை மதிக்கிறேன். ஆனால் இருபது வருடமாகத் தினமும் மதுவுக்குப் பழகிய மூளை, மது தரும் மந்தத்தைச் சரிக்கட்டத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். மது சட்டென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த ஆறு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத பூச்சி ஊர்வதாகத் தெரியும், யாரோ கூப்பிடுவதாகக் கேட்கும், காய்ச்சலும் வெறியும் சேர்ந்து வரும். டெலிரியம் டிரெமன்ஸ் என்ற இந்த நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். ஊரில் "சாமி குத்தம்" என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போவது பல நேரம் இதற்குத்தான்.

"ஒவ்வொரு வருஷமும் சரியாயிடுதே" என்று நீங்கள் தைரியமாக இருக்க முடியாது. இப்படித் திரும்பத் திரும்ப நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் மூளையின் கொந்தளிப்பு முன்பைவிடக் கூடும். போன வருடம் கை நடுக்கத்தோடு போனது இந்த வருடம் வலிப்பாக வரலாம். விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு, அதிகாலைக் குளிர்ந்த குளியல், தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்தால் உடம்பு இன்னும் தளர்ந்திருக்கும். அதனால் மாலை போடுவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கச் சில நாட்களுக்குக் குறைத்துக்கொண்டே போகும் மாத்திரைகளும் பி1-ம் கொடுப்பார்கள். அந்த மாத்திரைகளுக்கே பழக்கம் ஏற்படும், ஆகவே கடையில் தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மருந்து எடுத்துக்கொண்டு விரதம் இருப்பதில் ஐயப்பனுக்கு எந்தக் குறையும் வராது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. குடிப்பவருக்குக் கண் மஞ்சளானால் உடனே கீழாநெல்லி, அப்புறம் பத்தியம். வைரஸால் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரத்தில் போய்விடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்குக் கிடைக்கும். மதுவால் ஈரலில் அழற்சி ஏற்பட்டு வரும் காமாலை அப்படிப் போகாது. ஒரு மாதம் நாட்டு மருந்தில் கழித்துவிட்டு வந்த ஒருவரை வார்டில் பார்த்தேன். மனைவி பக்தியோடு உப்பில்லாத மோர்ச்சாதம் மட்டும் மூன்று வேளையும் கொடுத்திருந்தார், பருப்பு இல்லை, முட்டை இல்லை. அவருடைய மேற்கையைச் சுற்றி அளவு நாடாவை வைத்தால் என் கைக்கு இருக்கும் சுற்றளவுகூட இல்லை. வயிற்றில் நீர், கையில் எலும்பு. அந்த அம்மா செய்ததெல்லாம் அன்பால் செய்தது. ஆனால் கெட்டுப்போன ஈரலுக்குப் புரதம் வழக்கத்தைவிட அதிகமாகத் தேவை. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 70 முதல் 90 கிராம். புரதத்தைக் குறைக்கச் சொன்ன காலம் மருத்துவத்திலேயே இருந்தது, இப்போது அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆகவே என்ன கொடுப்பது? காலையில் இட்லி, பொங்கலோடு கெட்டியான சாம்பாரும் ஒரு முட்டையும். மதியம் புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, கீரை, குழம்பில் போட்ட மீன். கீரை முக்கியம், குடியால் ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைந்து ரத்த சிவப்பணுக்கள் பெருத்துப்போயிருக்கும். மாலையில் சுண்டலோ வேர்க்கடலையோ. ஈரல் சுருக்கம் இருப்பதாகத் தெரிந்தால் படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும், இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சியோ. சுருங்கிய ஈரலில் சர்க்கரைக் கையிருப்பு மிகக் குறைவு, ஒரு ராத்திரி பட்டினியே அவருக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம், விடிவதற்குள் உடம்பு தசையைக் கரைத்துத் தின்றுவிடும். வயிற்றில் நீர் கோத்திருந்தால்தான் உப்பைக் குறைக்க வேண்டும். அப்போது அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். "ஈரல் டானிக்" என்று வாங்கித் தருவதைத் தவிர்க்கலாம். வைட்டமின் ஏ மாத்திரையை அவராக எடுத்துக்கொள்ள வேண்டாம், மதுவோடு சேர்ந்தால் அதுவே ஈரலைக் கெடுக்கும்.

மற்ற உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கணையத்தில் அழற்சி வந்தால் முதுகுவரை பாயும் வயிற்றுவலி வரும், பின்னால் சர்க்கரை நோயும் வரலாம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை அபாயமாக இறங்கும். நாற்பது வயதில் இடுப்பு மூட்டு வலி என்று வரும் ஆண்களில் சிலருக்கு, தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போயிருக்கும், அதற்கும் குடி ஒரு காரணம். காசநோய் வரும் வாய்ப்பும் கூடும், காசநோய் மாத்திரையோடு குடித்தால் ஈரல் இரட்டை அடி வாங்கும். புற்றுநோய் பற்றித்தான் நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு மையம் 1988-லேயே மதுவை, புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். கூடவே பீடியோ சிகரெட்டோ இருந்தால் வாய், தொண்டைப் புற்றின் வாய்ப்பு பல மடங்கு பெருகும்.

"கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது" என்பதையும் அப்பா எடுத்துவிடக்கூடும். பழைய ஆய்வுகளில், நோய் வந்து குடியை விட்டவர்களையும் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதனால் குடிக்காதவர்கள் நோயாளிகள்போலத் தெரிந்தார்கள். அதைச் சரிசெய்து பார்த்தபோது அந்த நன்மை பெரும்பாலும் மறைந்துபோனது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு வெளிப்படையாகவே சொன்னது.

கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, வயிறு வீங்குவது, கண் மஞ்சளாவது, பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்து உளறுவது, வலிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லாத இப்போதே செய்ய வேண்டியது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போவது. குடியை விடுவதற்கான சிகிச்சை அங்கே கிடைக்கும், மனநலப் பிரிவு என்ற பெயரைப் பார்த்து அப்பா தயங்கினால் முதலில் பொது மருத்துவரிடமே பேசச் சொல்லுங்கள். நேரில் போகும் முன் பேச வேண்டுமென்றால் 104, அல்லது மனநலத்துக்கான 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம். முதல் தடவை அப்பாவைக் கூட்டிப் போகாமல் நீங்களும் அம்மாவும் மட்டும் போனால்கூட, எப்படித் தொடங்குவது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள்.